எங்க வலிக்குது?

வெள்ளிக்கிழமை இரவு நான் சீருடைக்கு இஸ்திரி போட்டால் எங்கள் நாய் மண்ணுவுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் அம்மாவின் கட்டிலுக்கடியில் படுப்பவன், அன்றைக்கு மட்டும் வாசலுக்கு வந்து என் பூட்ஸின் மேல் தலையை வைத்துக்கொள்வான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து அந்தத் தலையைத் தூக்கி ஒன்றை உருவினால் இன்னொன்றின் மேல் சாய்ந்துகொள்வான். தோல் அவன் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். கியா பார்மில் அந்த நேரத்துக்கு அது பெரிய உபகாரம். கேமரன் மலையில் 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மழை மாதங்களில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் பட்டால் விரல் எரியும்.

வெளியே என் வீட்டுக்காரர் வேனில் சக்கரவள்ளிக் கிழங்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். பெரிய சாலையோரச் சந்தையில் எங்களுக்கு ஒரு கடை. கிழங்கு, சோளம், ஸ்ட்ராபெரி, தேன். ஐந்து நாளில் விற்காததைச் சனி ஞாயிறு இரண்டு நாளில் விற்றுவிடலாம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காடிகள் ஏறி வரும் நாட்கள் அவை. அந்த இரண்டு நாளில்தான் நான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்குத் தொண்டராகப் போகிறேன்.

"இன்னைக்குமா, புள்ள?"

"ரெண்டு நாளும் என் முறைங்க."

அதற்கு மேல் பேச மாட்டார். பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் பிரிஞ்சாங் வரைக்கும் என் காதில் இருக்கும்.

என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு. அதன் முதல் பக்கத்தில் ஒரே கேள்வியைப் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்க வலிக்குது? மலாயில் சாக்கிட் டி மானா. நேப்பாளியில் கஹாங் துக்ச. வங்காளத்தில் கொத்தாய் பேத்தா. எல்லாம் தமிழ் எழுத்தில்தான். எங்கள் அப்பா அம்மா காலத்தில் தேயிலை மலையில் தமிழ் மட்டும் போதும். இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பாதிக்குமேல் நேப்பாளத்துப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளுமாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் நம்மவர்கள் முதுகில் கூடை தூக்கியிருக்கிறார்கள். இன்று அதே சரிவில் விழுகிறவன் "ஆமா" என்று கத்துகிறான். நேப்பாளியில் அதற்கு அம்மா என்று பொருள். முதல் தடவை கேட்டபோது "ஆமா" என்று நம் பேச்சில் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி முதலில் என் காதில் விழுந்தது ஏழு வயதில். கேட்டவர் தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் ஐயா. படுத்திருந்தது அம்மா.

ராத்திரி முழுக்கப் பெய்த மழை. காலையில் நிறைகூடையோடு சரிவில் இறங்கும்போது அம்மாவின் கால் வழுக்கியது. தேயிலைச் செடி பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். உள்ளே அடிமரம் முறுக்கேறிய கட்டை. அதன் மேல் இடுப்பு பட விழுந்தாள். ஆம்புலன்ஸ் என்ற சொல்லே எங்கள் லயத்தில் கிடையாது. ஆயாக்கொட்டாயின் கதவைக் கழற்றி, அதில் கம்பளியை விரித்து, நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நான் கூடவே ஓடினேன். கதவின் கொண்டி ஒன்று தொங்கிக்கொண்டு, நடைக்கு நடை பலகையில் தட்டியது. இன்றும் ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றும்போது கொக்கி விழுகிற 'டக்' சத்தத்தில் அந்தக் கொண்டி எனக்குக் கேட்கும்.

டிரெஸ்ஸர் ஐயாவுக்கு வாசல் வரைக்கும் வரிசை. அம்மாவைப் பார்த்து, "எங்க வலிக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

அவர் ஒரு தைலமும் நான்கு மாத்திரையும் கொடுத்தார். நான்காம் நாள் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாள்கூலிக்காரி வேறென்ன சொல்வாள்? வலிக்கிறது என்றால் படுக்கச் சொல்வார்கள். படுத்தால் பேர் விழாது. அன்றிலிருந்து நடையில் இடப்பக்கம் ஒரு சாய்வு. அவள் நடையே அதுதான் என்று நினைத்துத்தான் வளர்ந்தேன்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் 1877-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. மலாயாவுக்கு 1908-இல் பினாங்கு வழியாக வந்தது. தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் சுரங்கத்திலும் அடிபட்டவனுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொரு தொழிலாளியே முதலுதவி செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் பழைய எண்ணம். முதலுதவி வகுப்பில் இதைச் சொன்னபோது கதவைத் தூக்கிய அந்த நான்கு பேரை நினைத்துக்கொண்டேன். தோள் அவர்களுக்கு இருந்தது. இடுப்பில் அடிபட்டவளை எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வகுப்பில் நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பேருந்து. 2010 டிசம்பர் 20, திங்கட்கிழமை. தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்து, சிம்பாங் பூலாய் சாலையில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அன்று முழுக்கக் கடையில் அதே பேச்சு. எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு கிடந்தவர்களிடம் அவர்கள் பாஷையில் எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டிருப்பார்களா? அடுத்த ஆண்டு வகுப்பில் சேர்ந்தேன். நோட்டில் நான் முதலில் எழுதியது தாய்லாந்து மொழிதான். ஜெப் த்ரொங் நை. இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. அடிக்க மனமில்லை.

வகுப்பில் கற்றதில் என்னை உலுக்கியது நெஞ்சழுத்தும் கணக்கோ கட்டுப் போடும் முறையோ அல்ல. உச்சியிலிருந்து பாதம் வரை தடவிப் பார்க்கிற பாடம். பயிற்சியாளர் சொல்வார்: கை உடம்பில் இருக்கட்டும், கண் முகத்தை விட்டு நகரக் கூடாது. வாய் ஒண்ணுமில்ல என்று சொன்னாலும், கை சரியான இடத்துக்குப் போனதும் முகம் சொல்லிவிடும். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறை. சனிக்கிழமை பதினொரு மணி. மேலே ஒரு தோட்டத்தில் இரண்டு பேர் பிடித்து இழுக்கிற வெட்டு இயந்திரம் செடிக்குள் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. ஓடியவன் தப்பினான். மற்றவனுக்கு இருபது வயது இருக்கும். நாங்கள் போனபோது உதடு தடித்து, மூச்சு விசில் அடித்தது. "கஹாங் துக்ச?" என்றேன். முகமெல்லாம் கொட்டு. அவன் கை தொண்டைக்குப் போயிற்று. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைத்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டினோம். அவனுக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. அது எங்கள் வண்டியில் கிடையாது. தானா ராத்தா ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

பத்துக் கிலோமீட்டர் என்பது செவ்வாய்க்கிழமைக் கணக்கு. விடுமுறைச் சனிக்கிழமையில் கியா பார்முக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே காடிகள் கோத்த மணி போல் நிற்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடை. ஒதுங்க வேண்டும் என்று நினைப்பவனுக்கும் ஒதுங்க இடமில்லை. சைரன் அலறுகிறது, வண்டி நகரவில்லை. ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். பாங் என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டீரிங்கின் மேல் குனிந்து மெதுவாக ஓதிக்கொண்டிருந்தார். பின்னால் நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்கண்ணாடி வழியே ஓர் ஆள் ஓடுவது தெரிந்தது. கையில் சோளக் கிடுக்கி. ஒவ்வொரு காடியின் கண்ணாடியையும் தட்டி, "தெப்பி, தெப்பி!" என்று கத்தி, கடைகளின் முன்வாசலுக்குள் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கடையின் முன்னால் மகள் ஸ்ட்ராபெரித் தட்டுகளை வாரி உள்ளே வீசுகிறாள். தராசின் மேல் எப்போதும் உறங்குகிற பூனையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் குடையை மடக்குகிறாள். கடை இருந்த இடத்தில் இரண்டு காடிகள் ஏறி நின்றன. நாங்கள் போனோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த கண்ணாடிக்கு ஓடிவிட்டார்.

பையன் பிழைத்தான். சக்கரத்தில் நசுங்கிய ஸ்ட்ராபெரியைப் பற்றி இன்று வரை வீட்டில் ஒரு சொல் வந்ததில்லை. அவர் காலையில் பெட்டியை வைக்கிற சத்தம் மட்டும் மாறவில்லை. மாற வேண்டும் என்று எனக்கும் இப்போது தோன்றுவதில்லை.

மண்ணு எங்களுக்கு வந்ததும் ஒரு ராத்திரியால்தான். 2013 அக்டோபர் 23. ரிங்லெட்டில் இருக்கிற சுல்தான் அபுபக்கார் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் தண்ணீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்தது. உயிர்களும் போயின. மேலே காடழித்துத் தோட்டம் போடப்போட, மண் கரைந்து அணை ஏரிக்குள் இறங்கி, தண்ணீருக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லும்போது என் கடைச் சாமான்களும் அந்தச் சரிவுகளில் விளைந்தவைதான் என்பதை மறைக்க முடியாது. வெள்ளத்துக்குப் பின் ஒருநாள் போர்வைகள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்போது, ஒரு வேலிக்கம்பியின் அடியில் மண்கட்டி ஒன்று அசைந்தது. மூன்று பேசின் தண்ணீரில் கழுவிய பிறகுதான் குட்டி கறுப்பு என்று தெரிந்தது. பிள்ளைகள் வைத்த பேர் நிலைத்துவிட்டது.

இப்போது அவனுக்கும் வயதாகிவிட்டது. குளவி கொட்டிய அந்தப் பள்ளி விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓட்டம். மோட்டோவில் வழுக்கிய ஒருவர், கோயிலில் மயங்கிய ஒரு பாட்டி. இரவு எட்டரைக்கு வீடு வந்தேன். வண்டிச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டுக் குரைப்பவன் எழுந்து வரவில்லை. பின்காலை இழுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே கிடந்தான். அவனிடம் எந்த மொழியில் கேட்பது? தரையில் உட்கார்ந்து, கையை உடம்பிலும் கண்ணை முகத்திலும் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். வலது இடுப்பில் விரல் அழுந்தியதும் கத்தவில்லை. தலையைத் திருப்பி என் மணிக்கட்டை மெல்ல நக்கினான்.

"நாளைக்குக் கீழ ஈப்போவுக்குக் கொண்டுபோறேம்மா."

அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எப்போதும் வலப்பக்கமாகத்தான் படுப்பாள். எத்தனையோ ஆண்டுகளாக அப்படித்தான். அன்றுதான் கண்ணில் பட்டது.

"உனக்கு எங்கம்மா வலிக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நாயப் பாரு."

போர்வைக்கு மேலேயே கையை வைத்தேன். தோள், முதுகு, விலா. அவள் சுவரைப் பார்த்திருந்தாள். எட்டிக் குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் கீழே இறக்கினேன். இடது இடுப்புக்கு வந்ததும் இமை அசைந்தது.