கடலுக்குப் போகும் அடுப்பு

குண்டடத்தில் கடல் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் குளத்தில் நீரும் இருப்பதில்லை. மரக்கலம் ஓட்டியோர் வழிவந்தவர்கள் கீழக்கரை, காயல்பட்டினம் மரக்காயர்கள். குதிரையோடு சேர்த்துப் பேசப்படும் ராவுத்தர்களாகிய நாம் காய்ந்த மண்ணின் மக்கள். அத்தகைய நம்மிடமும் அண்மையில் ஒரு படகுப் பிரச்சினை வந்து சேர்ந்தது.

நம் தங்கை மகன் வணிகக் கப்பலில் பொறியாளன். நண்பர் இருவருடன் சேர்ந்து பழைய பாய்மரப் படகொன்றை வாங்கிச் செப்பனிட்டு வருகிறான். அதன் சிறிய சமையலறையில் எந்த அடுப்பை வைப்பது என்று மூவரும் நெடுநாள் ஆராய்ந்தனர். முடிவில் நம்மிடம் வந்தான். “மாமா, மண்ணெண்ணெய் பம்பு அடுப்புதான் வைக்கப் போகிறோம். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான். அவன் தயங்கிய காரணத்தை நாம் அறிவோம்.

1976ஆம் ஆண்டு ரமலானில் ஒரு சஹர் வேளை. எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. பாங்கொலி எழுமுன் அத்தாவுக்குச் சோறு சூடாக்கித் தந்துவிட வேண்டும் என்ற பதைப்பில், பதினாறு வயதுத் தங்கை பம்பு அடுப்பை மூட்டினாள். அந்த அடுப்பின் பர்னர் நன்கு சூடேறினால்தான் எண்ணெய் ஆவியாகி நீலச் சுடராய் எரியும். சூடேறுமுன் காற்றடித்தால் எண்ணெய் எண்ணெயாகவே பீறிட்டுப் பற்றிக்கொள்ளும். அன்று அதுதான் நடந்தது. அவளுடைய வலக்கை முழங்கை வரை வெந்தது. அதன்பின் நம் வீட்டில் பருத்திமாரும் சீமைக்கருவேல் விறகுமே எரிந்தன. பிறகு எரிவாயு வந்தது.

“உலகமே எரிவாயுவில் சமைக்கிறது, படகிலும் அதையே வைத்தால் என்ன?” என்றாள் தங்கை. நியாயமான கேள்விதான். நாம் அவளுக்கு நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றையே நினைவூட்டினோம்.

ஓர் ஆடி மாத விடியலில் அடுக்களையில் வாயு கசிந்து வீடெங்கும் நாற்றம் பரவியது. அம்மா மின்விளக்கைத் தொடவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு இரு கதவுகளையும் திறந்துவிட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மீதிப் பணியைச் செய்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து வாசல் வழியே வெளியேறிவிட்டது.

படகுக்குத் தாழ்வான வாசல் ஏது? கசிந்த வாயு அடித்தளத்தின் பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். ஒரு பொறி பட்டால் படகே வெடித்துச் சிதறும். இதற்கும் மாற்று உண்டு. சிலிண்டரை மேல்தளத்தில் தனி அறையில் அடைத்து, அந்த அறையின் அடியிலிருந்து கடலுக்கு வடிகால் விட வேண்டும். ஒவ்வொரு சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூடிவிட வேண்டும். பல படகுகளில் அவ்வாறே செய்கின்றனர். இவர்கள் வாங்கிய சிறு படகில் அத்தகைய அறைக்கு இடமில்லை.

ஸ்பிரிட் அடுப்பையும் எண்ணிப் பார்த்தனர். ஸ்பிரிட் நீரில் கலந்து நீர்த்துவிடும் என்பது அதன் நன்மை. பகலொளியில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது அதன் தீமை. எரிவாயு ஒரு கிலோ தரும் வெப்பத்துக்கு ஸ்பிரிட் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ வேண்டும். நம் மாநிலத்தில் அது உரிம விதிகளுக்கும் உட்பட்டது.

பழைய மரக்கலங்களில் மண் நிரப்பிய பெட்டியின்மேல் விறகு மூட்டிப் பண்டாரி உலை வைப்பார். விழுந்த தணல் மண்ணிலேயே அவியும். திறந்த தளம் அதற்கு இடங்கொடுத்தது. மூடிய சிற்றறை இடங்கொடாது.

எஞ்சியது மண்ணெண்ணெய். சிந்தினாலும் அது எளிதில் ஆவியாவதில்லை. சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பை மறு ஆண்டே நான்சன் வடதுருவப் பயணத்துக்கு எடுத்துச் சென்றார். ஆனால் அந்த அடுப்பு பொறுமையைக் கேட்கும்.

தங்கை நெடுநேரம் பேசவில்லை. பின் தன் கையிலிருந்த தழும்பைத் தடவியபடி, “அன்று குற்றம் எண்ணெயிடம் இல்லை, அண்ணா, என் அவசரத்திடம்தான்” என்றாள்.

அடுத்த வாரம் மருமகன் அடுப்பைக் கொண்டுவந்தான். முற்றத்தில் வைத்து, பர்னருக்கடியிலுள்ள கிண்ணத்தில் சிறிது ஸ்பிரிட்டை ஊற்றி அவளே கொளுத்தினாள். அவன் பம்பை நோக்கிக் கை நீட்டியபோது தடுத்தாள். “இன்னும் கொஞ்சம் பொறு, கண்ணு. கடல் ஆடும், பசி எடுக்கும். அப்போதும் பொறு” என்றாள்.

பல்லாண்டுகளுக்குப் பின் நம் வீட்டு முற்றத்தில் அந்த நீலச் சுடர் சீறி எழுந்தது. அதன்மேல் அவளே தேநீர்ப் பாத்திரத்தை ஏற்றினாள். அவள் கை நடுங்கியதை நாம் கண்டோம், பாத்திரம் சிந்தவில்லை.