புதிய பாடல்களும் நரைத்த குரல்களும்

வசந்தகால விருந்தொன்றில் ஆடுவதற்குச் சில சோல் பாடல்களைத் தெரிந்து தருமாறு றொறன்ரோவிலிருந்து நண்பரொருவரின் மகள் கேட்டிருந்தாள். "பழசு வேண்டாம், மாமா" என்பது நிபந்தனை.

முதலில் ஷரோன் ஜோன்ஸைச் சேர்த்தேன். நியூயோர்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறைச்சாலையில் காவலராகப் பணியாற்றியவர் அவர். நிறம் அதிகக் கறுப்பு, உயரம் குறைவு, உடல் பருமன் என்று இசைத்துறையினர் அவரை ஒதுக்கினர். முதலாவது அல்பம் 2002இல் வெளிவந்தபோது 45 வயதைக் கடந்திருந்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்த பின்னரும், அந்த மொட்டைத் தலையுடனேயே மேடையேறி ஆடினார். 2016இல் காலமானார். 2007இல் வெளிவந்த அவரது 'ஹன்ட்ரட் டேய்ஸ், ஹன்ட்ரட் நைட்ஸ்' ஒலிக்கையில் கதிரையில் அமர்ந்திருப்பது கடினம்.

அடுத்தவர் சார்ள்ஸ் பிராட்லி. சமையற்காரராக உழைத்தவர், ஜேம்ஸ் பிரவுணைப் போன்று வேடமிட்டுப் பாடிவந்தவர். தமது சொந்த அல்பத்தை அவர் வெளியிட்டது 2011இல், 62ஆவது வயதில்! 2017இல் அவரும் மறைந்தார்.

புதியது என்றால் பாடுபவர் இளைஞராக இருத்தல் வேண்டும் என்பது சந்தையின் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. (ஐம்பதைத் தாண்டியவனின் பக்கச்சார்பு என்றும் கொள்ளலாம்.) நாற்பது ஆண்டுகள் தொண்டைக்குள் காத்திருந்த பாடல், வெளிவரும் நாளில் புதியதே.

இளையோரையும் நான் விலக்கவில்லை. 2022இல் முதல் அல்பத்தைத் தந்த கலிபோர்னியாவின் 'தீ சேக்ரட் சோல்ஸ்' குழுவினரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மெதுவான பாடல்கள், ஆடிக் களைத்தவர்களுக்கு ஏற்றவை.