ஈடாக வந்த கத்தி



உங்கள் வீட்டுப் பரணிலும் மலாயாப் பயணத்தின் மிச்சம் ஏதேனும் கிடக்கக்கூடும். எங்கள் வீட்டில் கிடந்தது ஒரு கூர்க்கா கத்தி. நேபாளத்தார் இதனைக் குக்ரி என்பர்.

வாப்பா மர்ஹூமான பின் பாகம் பிரிக்க அமர்ந்தபோது, "பாட்டனார் நினைவாக அது எனக்கு இருக்கட்டும் காக்கா" என்றான் தம்பி. மகிழ்ந்து கொடுத்திருப்பேன். ஆனால் பாட்டனாரின் பழைய கணக்கேட்டில் அரபுத் தமிழில் ஒரு வரி கண்ணில் பட்டது: 1953, கூர்க்கா சிப்பாய், 15 வெள்ளி, கத்தி ஈடு. பெயர் இல்லை, கடன் தீர்ந்ததாகவும் குறிப்பில்லை. ஈடாக வந்த பொருள் அமானிதமாயிற்றே, அதை வாரிசுகள் எப்படிப் பங்கிடுவது?

பாட்டனார் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1947ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளுள் நான்கு பிரிட்டனைச் சேர்ந்தன. அவர்களது பயிற்சி முகாம் அவ்வூரில் இருந்தது. கத்தியில் இராணுவ முத்திரை இருந்தால் ரெஜிமெண்டையாவது அறியலாம் என்று எண்ணினேன்.

எங்கள் தெருவில் இரவுக்காவல் பார்க்கும் நேபாள முதியவரிடம் அதனைக் காட்டினேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உறையின் பின்புறம் இரண்டு சிறு பைகள். ஒன்றில் 'கர்தா' என்னும் குறுங்கத்தி இருந்தது. தீட்டவும் தீப்பொறி எழுப்பவும் பயன்படும் 'சக்மக்' காணாமற் போயிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால இராணுவக் குக்ரிகளில் ஆண்டும் அம்புக்குறியும் பொறித்திருக்கும். மரப்பிடியை இரண்டு ஆணிகள் இறுக்கியிருக்கும். இதிலோ எந்தப் பொறிப்பும் இல்லை. கறுத்த பிடியின் வாயில் விரிசல். அதன் வழியே, இரும்பின் மெல்லிய வால் அரக்கில் புதைந்திருப்பது தெரிந்தது. காய்ச்சிய ஊசியைப் பிடியில் வைத்தபோது மயிர் கருகும் நாற்றம் எழுந்தது. எருமைக் கொம்பு! (செத்த பிராணியின் கொம்பு ஷாஃபி மத்ஹபில் நஜீஸ், ஹனஃபியில் தூய்மையானது. இது எவ்வகை எருமையோ! பிடித்தபின் கையைக் கழுவிக்கொண்டேன்.)

அரத்தைக் கொண்டு தேய்த்துப் பார்த்தேன். முதுகில் பற்றியது, விளிம்பில் வழுக்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் விளிம்பில் மட்டும் கெண்டியால் நீர் வார்த்துக் கடினமாக்குவது அந்நாட்டுக் கொல்லர்களான காமிகளின் வழக்கமென்று முதியவர் விளக்கினார்.

"உறையைவிட்டு வந்தால் இரத்தம் காணாமல் திரும்பாது" என்று வாப்பிச்சா எங்களை அண்டவிட்டதில்லை. அதைச் சொன்னதும் முதியவர் சிரித்துவிட்டார். அவர் வீட்டில் குக்ரியால் விறகு பிளப்பார்களாம், ஆட்டிறைச்சி நறுக்குவார்களாம். "இது சர்க்கார் கொடுத்ததல்ல ஹஜ்ரத், வீட்டிலிருந்து கொண்டுவந்தது" என்று கத்தியை என் கையில் வைத்தார்.

முத்திரை இருந்திருந்தால் ஒரு ரெஜிமெண்டுக்கு எழுதிக் கேட்டிருப்பேன். கிராமத்துக் கொல்லனின் கத்தியை வைத்துக்கொண்டு எவரிடம் கேட்பது?

"எழுபது ஆண்டு ஆகிவிட்டது, அந்தச் சிப்பாய் இருக்கவா போகிறார்?" என்றான் தம்பி. அவருக்கும் வாரிசுகள் இருப்பார்களே என்றேன். அவன் பிறகு கேட்கவில்லை.

துருவைத் துடைத்து எண்ணெய் பூசி, கணக்கேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து உறையோடு கட்டினேன். மேலே, "நம்முடையதன்று" என்று தமிழிலும் அரபுத் தமிழிலும் எழுதியிருக்கிறேன்.