கத்திப் பிடியில் ஒரு சிவப்புக் கோடு

என் இடது உள்ளங்கையில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. "இத்தனை வருஷமாகியும் காய் நறுக்கத் தெரியலையா அண்ணி?" என்று நாத்தனார் கேலி செய்தாள். தப்பு என் மேல் இல்லை, கத்தியின் பிடி மேல்!

எங்கள் ஊர் காவேரிப்பாக்கம். பக்கத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், தள்ளி ஆம்பூர் என்று எல்லாம் தோல் ஊர்கள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் என் மூத்த மகன் லீவு நாளில் பழைய கத்திகளுக்குப் புதுப் பிடி போடுவான். இரும்பின் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துப் பித்தளை ஆணி அடிப்பது எல்லோரும் செய்வதுதானே? இவன் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய சிவப்புத் தோலை வைத்து ஒட்டுவான். பக்கவாட்டில் பார்த்தால் புடவைக் கரை மாதிரி ஒரு கோடு ஓடும். என் மாமியார் காலத்துக் கத்திக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தான். எனக்கு ஒரே பெருமை!

இரண்டே மாதம். கழுவிக் கழுவித் தோல் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. உள்ளே துரு, ஒரு மாதிரி வாடை. பறங்கிக்காயை அழுத்தி வெட்டும்போது மரம் பிளந்து கத்தி திரும்பிவிட்டது.

"இனிமே கத்திய தொடவே மாட்டேம்மா" என்றான் பிள்ளை. நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன அளவுக்கு வெட்டுகிறவனுக்கு இது ஒன்றுதான் சொந்த ஆசை. அதையும் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானே தேடக் கிளம்பினேன்.

செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கேட்டேன். "ஆவாரம்பட்டைத் தோலுதாம்மா கெட்டி. ஆனா அதுவும் தண்ணி குடிக்கும். பட்டைச் சாறு பட்டா இரும்பு கறுத்துடும். சமையக்கட்டுக்குத் தோலே வேணாம்" என்றார். (வீட்டில் தோல் துண்டுகள் மிஞ்சினால் அடுப்பில் மட்டும் போடாதீர்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் எரிந்தால் அந்தக் குரோமியம் இன்னும் பொல்லாத விஷமாக மாறக்கூடும்.)

மோட்டார் காயில் கட்டும் கடையில் ஃபைபர் அட்டை கிடைத்தது. பார்க்க அழகு. ஆனால் அதுவும் பஞ்சுக் காகிதத்தில் செய்வதுதான், ஈரத்தில் உப்பும். நீல பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிப் பார்த்தோம், பசை பிடிக்காமல் உரிந்து வந்தது. ஒருவர் மான் கொம்பு தருவதாகச் சொன்னார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறதே, கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் தெரு ஆசாரி. அலமாரிக்கு ஒட்டி மிஞ்சிய சன்மைக்காத் துண்டுகள் அவர் பட்டறையில் குப்பையாகக் கிடந்தன. காகிதத்தைப் பேக்கலைட் வகைப் பிசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு அது. தண்ணீருக்கு லேசில் அசையாது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் இருந்தது, காசும் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டும். வழவழப்பை விட்டுவைத்தால் ஒட்டாது. பிறகு அரால்டைட் தடவி, இறுக்கிக் கட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட வேண்டும். தேய்க்கும்போது வருகிற தூள் நெஞ்சுக்கு ஆகாது. அதனால் வாசலில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் தேய்க்கிறான். குழந்தைகளைக் கிட்டே விடுவதில்லை.

மாமியாருடைய கத்தி ஆறு மாதமாகத் தினமும் தண்ணீர் பார்க்கிறது, கோடு அப்படியே இருக்கிறது. இப்போது எதிர்வீட்டு அக்காவின் கத்தி அவனிடம் வந்திருக்கிறது. பச்சைக் கோடுதான் வேண்டுமாம். ஆசாரியிடம் பச்சை தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.