கழற்றி வைத்த கம்பி

ஒரு பல் மட்டும் பின்னால் நின்றது. மேல் வரிசையின் நடுவில் உள்ள இரண்டு வெட்டுப்பற்களில் இடப்பக்கத்துப் பல் அது. வாயை மூடினால் மற்ற மேற்பற்கள் எல்லாம் கீழ்ப்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கும். அது மட்டும் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஜார்ஜ்டவுனில் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவி, யாராவது படம் எடுத்தால் உதடுகளை இறுக மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

பள்ளிக்கு வந்த பல் மருத்துவக் குழுவினர் அவளுடைய வாயைப் பரிசோதித்து, பெற்றோரிடம் கொடுக்கும்படி ஒரு கடிதம் தந்தனர். அம்மா அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். வீட்டுக்கே வந்து குறைந்த விலையில் பல்லுக்குக் கம்பி கட்டிவிடுவதாக ஒரு விளம்பரம் சில நாள்களுக்கு முன் அவர் கண்ணில் பட்டிருந்தது. கம்பியில் பொருத்தும் வண்ண வண்ண ரப்பர் வளையங்களின் படமும் அதில் இருந்தது.

"யார், எவர் என்று தெரியாதவரிடம் பிள்ளையின் வாயைக் காட்டுவதா?" என்று பாட்டி தடுத்தார். பாட்டியின் அச்சம் நியாயமானதே. பதிவு பெறாதவர்கள் பல் சிகிச்சை அளிப்பது நம் நாட்டில் குற்றமாகும். 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் இதைத் தெளிவாகக் கூறுகிறது. பல்லையும் எலும்பையும் அறியாதவர் கட்டும் கம்பி ஈற்றைப் புண்ணாக்கும். நல்ல பல்லையும் ஆட்டம் காணச் செய்யும்.

பாட்டிக்குப் பல் சிகிச்சை என்றாலே தம் சிறுவயது நினைவுதான் வரும். அவர் ஆரம்பப்பள்ளியில் படித்த காலத்தில் வெள்ளைச் சீருடை அணிந்த பல் தாதியர்தாம் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். அந்தத் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி 1949இல் பினாங்கில்தான் தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பேணுவதற்காகப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் முறையை நியூசிலாந்து 1921இலேயே தொடங்கியிருந்தது. அந்த முறையைப் பின்பற்றியே பினாங்குப் பள்ளி உருவானது. "முதல் நாள் நான் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று அழுதேன். அந்த மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணச் சொன்னார். எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது," என்று பாட்டி சிரித்தார்.

அம்மா விளம்பரத்தை அழித்தார். மறுவாரம் மூவரும் பேருந்தில் ஏறி அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்குச் சென்றனர்.

மருத்துவர் தமிழ்ப்பெண். அவர் ஒரு சிறிய கண்ணாடியை அவளுடைய கையில் கொடுத்து, அவளையே பார்க்கச் சொன்னார். பின்னால் நிற்கும் மேற்பல், ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் கீழ்ப்பல்லை முன்னால் தள்ளுகிறது. அதனால் கீழ்ப்பல்லின் ஈறு மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. இரு பற்களின் விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. "இது அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சை இல்லை, மா. இப்படியே விட்டால் பிறகு கீழ்ப்பல்லுக்குத்தான் ஆபத்து," என்றார் மருத்துவர்.

ஒரே ஒரு பல்லை முன்னால் கொண்டுவர எல்லாப் பற்களிலும் கம்பி ஒட்ட வேண்டியதில்லை. கழற்றி மாட்டக்கூடிய ஒரு தகடு போதும் என்று அவர் முடிவு செய்தார். தண்ணீரில் குழைத்த மாவை ஒரு தட்டில் நிரப்பி மேற்பற்களின் மீது அழுத்தி அச்சு எடுத்தார். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு அந்த மாவைத் தயாரிக்கிறார்கள். அந்த அச்சில் சாந்து ஊற்றி அவளுடைய பற்களைப் போலவே ஒரு மாதிரி செய்யப்பட்டது. பல் தொழில்நுட்பர் அந்த மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு, இடுக்கியால் கம்பியைக் கையாலேயே வளைத்துத் தகட்டைச் செய்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தகடு அவளுடைய உள்ளங்கையில் இருந்தது. இளஞ்சிவப்பு நிற நெகிழியால் ஆன அது, மேல் அண்ணத்தின் வளைவுக்கு அப்படியே பொருந்தியது. கடைவாய்ப்பற்களைப் பற்றிக்கொள்ள இருபுறமும் கம்பிக் கொக்கிகள் இருந்தன. ஆதம்ஸ் என்னும் பிரிட்டிஷ் பல் மருத்துவர் வடிவமைத்த அந்தக் கொக்கி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பின்னால் நின்ற பல்லுக்கு நேராக, மடித்து மடித்து வளைத்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. பல்லைத் தள்ளும் வேலை அதற்குத்தான். தகட்டின் இருபுறமும் கடைவாய்ப்பற்களை மூடியிருந்ததால், கடிக்கும்போது முன்பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளி இல்லையென்றால் கீழ்ப்பல் வழி மறித்துக்கொள்ளும்.

"பல் எலும்பில் ஆணியைப்போல் அடிக்கப்பட்டது இல்லை. எலும்புக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. நாம் மெதுவாகத் தள்ளினால், பல் போகும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடும்; பின்பக்கத்தில் புது எலும்பு வளரும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். ஆனால், தள்ளுவதை நிறுத்திவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்," என்று மருத்துவர் விளக்கினார். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தகடு வாயிலேயே இருக்க வேண்டும். பல் துலக்கவும் நீந்தவும் மட்டும் கழற்றலாம். கழற்றினால் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சுடுநீரில் கழுவினால் அது உருமாறிவிடும். ஒட்டும் மிட்டாய் கூடாது.

திரும்பும் வழியில் சௌராஸ்தா சந்தையில் ஊறவைத்த ஜாதிக்காய் விற்றார்கள். வழக்கமாக அவள் ஒரு பொட்டலம் வாங்காமல் நகரமாட்டாள். அன்று வாய் முழுக்க எச்சில் ஊறியது. ஆனால் அது ஜாதிக்காயைப் பார்த்து ஊறியதன்று. புதிதாக வந்த தகட்டை உணவென்று நினைத்து வாய் ஏமாந்துபோயிருந்தது.

எச்சிலைவிடப் பெரிய சிக்கல் பேச்சில் இருந்தது. ஆறு வாரத்தில் பள்ளியில் பேச்சுப் போட்டி. வகுப்பின் சார்பில் அவள்தான் பேச வேண்டும். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைக் கூறும் இடத்தில் பல், இதழ், நா, அண்ணம் முதலிய உறுப்புகளை வரிசைப்படுத்துகிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கிறது. நுனிநா அண்ணத்தைத் தொடும்போது டகரமும் ணகரமும் பிறக்கின்றன. அவளுடைய அண்ணத்தையோ இப்போது தகடு மூடியிருந்தது. நாக்கு தேடிச் சென்ற இடத்தில் வேறொரு சுவர் நின்றது. 'தமிழ்' என்று சொன்னால் 'தமில்' போல ஒலித்தது. பயிற்சியின்போது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் பள்ளி வாசலிலேயே அவள் தகட்டைக் கழற்றி எழுதுகோல் பெட்டிக்குள் வைத்தாள். பேச்சு பழையபடி தெளிவாக வந்தது. 'பள்ளியில் மட்டும்தானே' என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு புறப்பாட நடவடிக்கை உள்ள மாலைகளிலும் கழற்றினாள். அதன்பின் இரவில் வலிக்கிறது என்று கழற்றினாள். உண்மையில் வலித்தது, பல நாள் போடாமல் இருந்த தகட்டைத் திரும்ப மாட்டும்போதெல்லாம் அது இறுக்கிப் பிடித்தது. அம்மா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் மட்டும் அவள் வாயில் தகடு தவறாமல் இருந்தது. "போட்டுக்கொண்டாயா, மா?" என்று அம்மா கேட்பார். அவள் வாயைத் திறந்து காட்டுவாள். அது பொய் இல்லைபோலவும் இருந்தது. உண்மை இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை. அன்று காலையிலிருந்தே அவள் தகட்டைப் போட்டிருந்தாள். மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒன்று முதல் பத்து வரை எண்ணு, பார்க்கலாம்."

அவள் எண்ணினாள். ஆறு வரை தப்பித்தாள். 'ஏழு' நழுவியது, 'எட்டு' தடுமாறியது. பத்துக்கு வரும்முன் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

மருத்துவர் தகட்டைக் கழற்றி அண்ணத்தைப் பார்த்தார். நாள்தோறும் தகடு போடுபவரின் அண்ணத்தில் அதன் விளிம்பு மெல்லிய தடம் பதித்திருக்கும். அவளுடைய அண்ணத்தில் தடம் இல்லை. பல்லும் நகரவில்லை. ஆனால், மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை, அவளிடமே பேசினார்.

"ஒரு வாரம் தொடர்ந்து போட்டிருந்தால் உன் நாக்கு இதற்குள் பழகியிருக்கும், மா. கழற்ற முடியாத கம்பியை நாங்கள் பல்லிலேயே ஒட்டிவிடுவோம். பிள்ளை மறந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். இது அப்படி இல்லை. இதை எப்போது வேண்டுமானாலும் நீ கழற்றலாம். அதனால் இதில் பாதி வைத்தியர் நான். மீதிப் பாதி நீதான்."

பேருந்தில் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் காட்டத்தான் போட்டுக்கொண்டாயா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பல் சீரமைப்பின் வரலாற்றைப் பார்த்தாலும் மருத்துவர் சொன்னது புரியும். ஹாலே என்னும் அமெரிக்கப் பல் மருத்துவரின் பெயரைத் தாங்கிய தகடு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. சீரான பற்கள் மீண்டும் கலைந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், கணினியின் துணைகொண்டு கண்ணுக்குத் தெரியாத தெளிவான உறைகளை உருவாக்கியது. பொருளும் விலையும் மாறினாலும் விதி ஒன்றுதான். அந்த உறையையும் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். மேசைமேல் இருக்கும் எந்தக் கருவியும் பல்லை நகர்த்தாது.

அன்றிரவிலிருந்து பாட்டி ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். இரவு உணவுக்குப்பின் பேத்தி தகட்டோடு சத்தமாக வாசிக்க வேண்டும். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொல் தெளியவில்லை என்றால் பாட்டியின் விரல் உயரும். முதல் நாள் விரல் இறங்கவே இல்லை. "வாழைப்பழம்", "மழை", "கிழவி" என்று அவள் சொல்லிச் சொல்லி நாக்கு நொந்தது. "கிழவி என்பதை மட்டும் நன்றாகச் சொல்கிறாய்," என்று பாட்டி சொல்ல, இருவரும் சிரித்தனர். நான்காம் நாள் எச்சில் ஊறுவது குறைந்தது. ஒரு வாரத்தில் நாக்கு புதிய சுவரைத் தன் வீட்டுச் சுவராக ஏற்றுக்கொண்டது. கடைசி இரண்டு நாள்களும் பாட்டியின் விரல் உயரவில்லை.

போட்டி நாளன்று மேடையேறும் முன் தோழி ஒருத்தி, "ஐந்து நிமிடம்தானே, கழற்றிவிட்டுப் பேசேன்," என்றாள். அவளுடைய கை சட்டைப்பையில் இருந்த பெட்டியைத் தொட்டது. யாரும் தடுக்கப்போவதில்லை; அம்மாவும் அங்கே இல்லை. அவள் கையை எடுத்துவிட்டு அப்படியே மேடையேறினாள். ஓரிடத்தில் ஒரு சொல் சற்று வழுக்கியது. நின்று, அதைத் திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் மருத்துவர் கம்பிச் சுருளைச் சிறிது விரித்துவிட்டார். பல் மெல்ல மெல்ல முன்னால் வந்தது. ஒரு மாதம் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் விளிம்போடு விளிம்பு மோதின. அடுத்த மாதம் மேற்பல் தடையைத் தாண்டியிருந்தது. அது இனி எளிதில் திரும்பாது. கீழ்ப்பல்லே அதற்கு முன்னால் வேலியாக நிற்கும் இடத்தை இழந்து, பின்னாலிருந்து அதைத் தாங்கிக்கொள்ளும் என்றார் மருத்துவர். தகட்டை இன்னும் சில வாரங்களுக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்.

கடைசியாகச் சென்றபோது மருத்துவர் எதுவும் கேட்கவில்லை. அவளே நாற்காலியில் அமர்ந்து, தகட்டோடு, ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள். ஏழும் எட்டும் தெளிவாக ஒலித்தன. வெளியே காத்திருந்த பாட்டி, தம் சிறுவயதில் எண்ணிய எண்களைப் பேத்தியின் குரலில் கேட்டுத் தலையசைத்தார்.

வாசலில் அம்மா ஒரு படம் எடுத்தார். அவள் உதடுகளை மூடவில்லை.