ஆலங்குடி அக்காவின் உளுந்துக் கொல்லை

புதுக்கோட்டையில் பஸ் ஏறி ஆலங்குடியைத் தாண்டினால் செம்மண்ணும் பலா மரங்களும்தான். பங்குனி பிறந்த சமயம். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பூக்கூடைகள் பஸ்ஸிலேயே ஏறி இறங்கின. பெரியம்மா மகள் அக்காவைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அக்கா வீட்டில் இல்லை; விடிந்ததுமே கொல்லைக்குப் போய்விட்டாளாம்.

எனக்குப் புரிந்தது. போன வருஷம் ஒரு ஏக்கர் உளுந்தில் அரை மூட்டைகூடத் தேறவில்லை. "பச்சையா இருந்த கொல்லை, பத்தே நாள்ல மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி ஆயிப்போச்சுடி" என்று அப்போது போனில் அழுதாள். இந்த வருஷம் மகளின் நர்ஸிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். உளுந்தைத்தான் நம்பியிருந்தாள்.

"வாடி, இந்த இலையைத் திருப்பிப் பாரு" என்றாள் என்னைக் கண்டதும். இலையின் அடியில் அரிசிக் குருணையைவிடச் சிறிதாக வெள்ளை ஈக்கள். தொட்டதும் பறந்தன. மஞ்சள் தேமல் என்கிற வைரஸ் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இவைதான். கொழுந்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். அது பரவி இலை முழுக்க மஞ்சளாகும். காய் சிறுத்து, உள்ளே பருப்பு சுருங்கிப் போகும்.

"எருவும் வேப்பங்கொட்டையும் போட்டா நோய் தீர்ந்துடுமா அக்கா?"

"தீர்க்கிறதாவது! வந்த செடிக்கு வைத்தியமே கிடையாது. வராம தடுக்கிறதுக்குத்தான் இவ்வளவு பாடு."

போன வருஷம் யூரியாவைத் தாராளமாகத் தூவியிருக்கிறார் அத்தான். உளுந்து தன் வேர் முடிச்சுகளாலேயே காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயிராயிற்றே! அளவுக்கு மீறினால் செடி தளதளவென்று வளரும். அந்த இளசுதான் ஈக்கு விருந்து. இந்தத் தடவை கடைசி உழவில் 5 டன் மக்கிய தொழு உரமும் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் போட்டார்களாம். பக்கத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட, தேமலைத் தாங்கும் வம்பன் 8 ரக விதை. அதை ஆறின கஞ்சியில் ரைசோபியம் கலந்து புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தது அக்காவேதான். சுற்றிலும் வரப்போரம் மக்காச்சோளம், வெளியிலிருந்து வரும் ஈக்கு ஒரு வேலி மாதிரி.

வீட்டுத் திண்ணையில் அன்று ராத்திரி நானும் உட்கார்ந்து வேப்பங்கொட்டை இடித்தேன். 5 கிலோ பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். மறுநாள் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்ட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். (தொட்டியில் அவரை வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 50 கிராம் எடுத்துக்கொள்ளலாம். கை கசப்பு இரண்டு நாள் போகாது. அந்தக் கையால் நான் சாப்பிட்ட தோசையைப் பற்றிக் கேட்காதீர்கள்!)

காலையில்தான் கஷ்டமான வேலை. மஞ்சள் புள்ளி கண்ட செடியை வேரோடு பிடுங்கிக் குழியில் புதைக்க வேண்டும். விட்டு வைத்தால் ஈ அதில் உட்கார்ந்து எழுந்து நல்ல செடிக்குப் போகும். ஒரு செடி நிறைய மொட்டு வைத்திருந்தது. ஒரே ஒரு இலையில்தான் புள்ளி. "இதுவுமா அக்கா?" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடுங்கிவிட்டாள். அன்று மட்டும் 47 செடிகள்.

சித்திரையில் போன் வந்தது. கிழக்கு மூலையில் இரண்டு பாத்தி மஞ்சளாகத்தான் போயிற்றாம். மற்றது தப்பித்து, மூன்று குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கண்டதாம். "பீஸுக்கு ஆச்சுடி. மிச்சம்னு பெருசா ஒண்ணுமில்ல" என்றாள். எனக்கும் இரண்டு படி வந்து சேர்ந்தது.

எங்கள் மொட்டை மாடி அவரைப் பந்தலில் இப்போது, அக்கா கொல்லையில் கண்டபடி, மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் பூசிய டப்பா ஒன்று தொங்குகிறது. மஞ்சள் நிறத்துக்கு ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை நிறைய ஈக்களும், ஒரு தடவை எங்கள் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையும் ஒட்டியிருக்கின்றன.