வணிகக் கல்வியும் எம் மாணவரும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியோ சமயகுரவர் பற்றியோ ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். ஆயின் கடந்த பல ஆண்டுகளாக எம் பாடவேளைகளிற் பெரும்பகுதி உயர்தர வகுப்பு மாணவருக்கு வணிகக் கல்வி கற்பிப்பதிலேயே கழிகின்றது. ஆசிரிய கலாசாலையில் நாம் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் தமிழுக்கு உரியது. எனினும் இளமையில் வர்த்தகப் பிரிவிற் கற்றவர் நாம் என்பதை அதிபர் அறிந்திருந்தார். அவ்வகுப்புக்கு ஆசிரியர் இல்லாது போன ஒரு தவணையில், தற்காலிகமாக என்ற சொல்லோடு அப்பொறுப்பு எம்மிடம் வந்தது. அந்தத் தற்காலிகம் இன்றுவரை நீடிக்கின்றது. ஆதலின் எமக்கு அண்மையில் உள்ள பொருளைப் பற்றியே எழுதத் துணிந்தோம். பழைய மாணவர் பொறுத்தருள்வாராக.

வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல் என்னும் மூன்று பாடங்களும் சேர்ந்ததே உயர்தர வர்த்தகப் பிரிவு என்பதை யாவரும் அறிவர். கணிதமும் விஞ்ஞானமும் கைகொடாதவர் வந்து தங்கும் சத்திரம் அது என்பது நம் பெற்றோரிற் பலர் கொண்டுள்ள எண்ணம். சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த கிழமையில், மகனை அழைத்துக்கொண்டு வரும் தந்தையர் சிலர் அவனை எம்மிடம் ஒப்படைக்கும் முகபாவமே அதனைச் சொல்லும். “வேறு வழியில்லை, சேர்; இதையாவது படிக்கட்டும்” என்பர். அவ்வாறு சொல்பவரிற் பலர் தாமே வணிகர் என்பது வேடிக்கை. தாம் செய்து வாழும் தொழிலைத் தம் மகன் கற்பது தாழ்வு என அவர்கள் கருதுகின்றனர். அத்தொழிலாலன்றோ அவன் இதுவரை கற்றான்!

நாம் வதிவது ஹெந்தளையில். அங்கிருந்து களனி ஆற்றைக் கடந்து, புறக்கோட்டை வழியாகக் காலி வீதிக்கு வந்து சேரும் பஸ் பயணம் எமக்கு நாள்தோறும் ஒரு பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது போன்றது. ஹெந்தளையிலே எம் வீட்டுக்கு அணித்தாக ஓடுவது ஹமில்டன் கால்வாய். 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்த அக்கால்வாய்க்குப் பெயர் தந்த கவின் ஹமில்டன் என்பார், வருமானத்துக்கும் வர்த்தகத்துக்கும் பொறுப்பாயிருந்த அரசாங்க முகவர். முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் உவர்நீரை வடிப்பது அதன் நோக்கம். அதற்கு முன்னரே ஒல்லாந்தர் இக்கரையோரம் கால்வாய்கள் அமைத்துக் கறுவா முதலிய பொருள்களைத் தோணிகளில் ஏற்றிக் கொழும்புக்குக் கொணர்ந்தனர். போக்குவரத்து என்னும் அலகைக் கற்பிக்கும்போது வேறு நாட்டு உதாரணம் தேடி நாம் அலைவதில்லை.

ஆற்றுக்கு இப்பால் வந்தால், நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காய மூடைகளைச் சுமந்தும் வண்டிகளில் ஏற்றி இழுத்தும் செல்லும் நாட்டாமைமாரைக் காணலாம். மொத்த வியாபாரம், களஞ்சியப்படுத்தல், தரகு ஆகிய யாவும் அத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் அடங்கிவிடும். அயலே செட்டியார் தெரு. இன்று அது பொன்னகைக் கடைகளின் தெரு. முன்னொரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்தம் வட்டிக்கடைகளின் தெரு. தோட்டத்துரைமாருக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகள், உள்நாட்டுச் சிறு வணிகரை ஏறெடுத்தும் பாராத நாளில், அவர்களுக்குக் கைகொடுத்தவர் செட்டியார்களே. 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டதும், 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் இக்கதையின் அடுத்த ஏடுகள். அத்தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் ஆடிவேல், பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எழுந்தருளும் பாதையே நாமும் பஸ்ஸில் வரும் பாதை. மாணவரிடம் இதனைக் கூறும்போது அவர்கள் கண்களில் ஒரு வியப்புத் தோன்றும். தாம் தினமும் நடக்கும் தெருவுக்கும் பாடநூலுக்கும் உறவுண்டு என்பதை அன்றுவரை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நிற்க. தமிழாசிரியர் ஒருவர் வணிகம் கற்பிப்பதில் ஒரு நன்மை உண்டு; சொற்களின் மேல் அவருக்குள்ள பற்று வீண்போவதில்லை. தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறிய 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அக்காலத்து அறிஞர் உழைப்பின் பயனை இன்றும் எம் மாணவர் துய்க்கின்றனர். ஆண்டிறுதியில் ஒரு வணிகத்தின் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கூற்றை ‘ஐந்தொகை’ என்கின்றோம். இச்சொல் செட்டியார்தம் கணக்கு வழக்கிலும் உள்ளது. கண்ணாற் காணவியலாததாயினும் சொத்தென மதிக்கப்படும் வாடிக்கையாளரின் நம்பிக்கையை ‘நன்மதிப்பு’ என்கின்றோம். இறக்குமதியாளர் வங்கியிற் பெறும் உறுதிப்பத்திரம் ‘நாணயக் கடிதம்’ ஆகும். நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. நாணயம் என்றால் ஒருவன் சொல்லுக்கு உலகம் தரும் மதிப்பு. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர், காசு ஏன் செல்லுபடியாகின்றது என்பதை நன்குணர்ந்தே வைத்தனர் என எமக்குத் தோன்றும்.

இச்சொல்லின் பொருளை நாடே கற்ற ஆண்டு 2022. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அமெரிக்க டொலர் ஒன்று சில கிழமைகளுக்குள் இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றறுபது ரூபா அளவுக்கு ஏறியது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்ட நாள்கள் பல. பணவீக்கம் என்னும் பாடத்துக்கு அவ்வாண்டு வரைவிலக்கணம் தேவைப்படவில்லை. மாணவன் ஒவ்வொருவனும் தன் வீட்டு அடுப்படியிலிருந்து அதனைக் கற்று வந்தான்.

அவ்வாண்டில் எம் வகுப்பிலே கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தையாரும் சிறிய தந்தையாரும் நாலாம் குறுக்குத் தெருவிற் கூட்டாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் நடத்தினர். முதலில் பெரும்பகுதி மூத்தவருடையது. மனைவியின் நகைகளை விற்று இட்ட முதல் அது. கடையின் உழைப்பு இளையவருடையது. இருவருக்கும் இடையில் எழுத்தில் ஒன்றும் இல்லை. பங்குடமை பற்றிய பாடத்தை நாம் அன்று நடத்தினோம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலையுடைய பங்குடமை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து ஒப்பமிடப்படாவிடின், அதனை நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது. பங்காளர் தமக்குள் வேறு ஏற்பாடு செய்யாத விடத்து, 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடமைச் சட்டம் இங்கும் பிரயோகமாகும். அதன் 24 ஆம் பிரிவின்படி இலாபமும் நட்டமும் சமமாகப் பகிரப்படும். முதலுக்கு வட்டி இல்லை. உழைப்புக்குச் சம்பளம் இல்லை. பங்காளர் தம் முதலுக்கு மேலாகக் கொடுத்த கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு ஐந்து சதவீத வட்டி உண்டு. உயர்தர மாணவர் அனைவரும் மனனஞ் செய்யும் விதிகள் இவை.

அம்மாணவன் எழுந்து நின்றான். “சேர், எங்கள் சித்தப்பா விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவர். அவருக்குச் சம்பளம் இல்லை என்கிறது சட்டம். அப்பா போட்ட முதலுக்கு வட்டியும் இல்லை என்கிறது. அப்படியென்றால் இது இரண்டு பேருக்கும் அநியாயம் அல்லவா?” என்று வினவினான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. முதலே பெரிதென்றனர் சிலர், உழைப்பே பெரிதென்றனர் சிலர். பங்காளர் பேசாது விட்ட இடத்திலேதான் சட்டம் பேசுகின்றது என்றும், அவர்கள் முன்னமே பேசி எழுதியிருப்பின் சட்டம் வாய்திறவாது என்றும் நாம் விடை கூறினோம்.

சில மாதங்கள் சென்றன. டொலர் ஏறியதும் அக்கடை தள்ளாடியது. கல்லாவிற் காசில்லை, சகோதரர் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயம் முளைத்தது. மாணவன் எம்மிடம் வந்து, படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குச் செல்லப்போவதாகக் கூறினான். போகாதே என்று சொல்ல எமக்கு மனம் இருந்தது. ஆயினும் வீட்டு நிலைமையை அறியாது அங்ஙனம் கட்டளையிடுவது எளிது. ஆதலின், விடுமுறை முடியும்வரை கடைக்குப் போ, ஆனாற் கணக்குக் கொப்பிகளை முதலிற் கையிலெடு என்றோம். மூன்றாண்டுக் கொப்பிகள் கிடைத்தன. அவற்றில் எண்ணெய்க் கறை படிந்த தாள்களும், பெயர் பாதி அழிந்த கடன்களும் இருந்தன. அவன் அவற்றைப் பேரேட்டிற் பதிந்து, ஐந்தொகை ஒன்று தயாரித்துக்கொண்டு எம்மிடம் வந்தான். இரண்டிடங்களிற் பிழை திருத்தினோம்; ஏனைய யாவும் அவன் செய்தவை.

அவ்வைந்தொகை காட்டிய செய்தி இதுதான். காணாமற் போன பணத்தை அண்ணனும் எடுக்கவில்லை, தம்பியும் எடுக்கவில்லை. வெளியூர்க் கடைக்காரரிடம் கடனாகச் சென்ற சரக்கின் பெறுமதியாக, கடன்பட்டோர் என்னும் தலைப்பின் கீழ் அது முழுவதும் நின்றது. தாளைப் பார்த்த சிறிய தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். “அண்ணன் தம்பிக்கிடையிற் கடதாசி எதற்கு?” என்று முன்னர்ச் சினந்தவரும் அவரே. கடை முழுவதையும் அவர்களாற் காப்பாற்ற முடியவில்லை, பாதியிடத்தை விட்டுக்கொடுத்தனர். ஆயினும் எஞ்சிய பாதிக்கு எழுத்தில் உடன்படிக்கை செய்து இருவரும் ஒப்பமிட்டனர். தம்பியின் உழைப்புக்கு மாதச் சம்பளமும், அண்ணனின் முதலுக்கு வட்டியும் அதில் இடம்பெற்றன. அம்மாணவன் வகுப்புக்குத் திரும்பிப் பரீட்சைக்குத் தோற்றினான். பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குப் போதவில்லை. பகலிற் கடையிலும் மாலையிற் கணக்கியல் வகுப்பிலுமாக இன்று அவன் காலம் செல்கின்றது. எம் பாடத்தின் பயனைப் புள்ளியால் மட்டும் அளப்பவர்க்கு அவன் தோல்வியாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

வர்த்தக மன்றத்தார் ஆண்டுதோறும் நடத்தும் சந்தை பற்றியும் ஒரு சொல். மாணவர் குழுக்களாகக் கூடி வடை, சர்பத் முதலியன விற்பர். மாலையில் ஒரு குழுவினர் நல்ல இலாபம் என மகிழ்ந்து கணக்கைக் கொணர்ந்தனர். வடை சுட்டது யார் என்று கேட்டோம். “அம்மா” என்றனர். அடுப்பு எரித்த எரிவாயுவுக்கும், அம்மா நின்ற நான்கு மணி நேரத்துக்கும் கணக்கில் இடமெங்கே என்று கேட்டோம். மௌனம். அவற்றைச் சேர்த்ததும் இலாபம் நட்டமாயிற்று. மறுநாள் ஒரு தாயார் எம்மைக் கண்டு, “பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக மகன் எனக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டான், சேர்” என்று சொல்லிச் சிரித்தார். கிரயம் என்னும் சொல்லின் பொருளை அவன் இனி மறவான்.

வணிகம் பொய்யின்றி நடவாது என்று இளைஞரிற் பலர் நம்புகின்றனர். தமிழாசிரியராகிய எமக்கு இங்கும் ஓர் ஆதாரம் கிட்டுகின்றது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பேசுமிடத்து, விலைக்கு மிஞ்சிப் பெறாமையையும் அளவிற் குறைத்து விற்காமையையும் அவர்தம் சிறப்பாகப் போற்றுகின்றது. இலாபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் ‘மகமை’ என ஒதுக்கும் வழக்கமும் நம் வணிகரிடையே நிலவியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று பாடநூல் இன்று விளக்கும் பொருள் எம்மவர்க்குப் புதிதன்று. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைக் கற்பிக்கும்போது இவற்றையும் சேர்த்தே கற்பிக்கின்றோம். தண்டத்துக்கு அஞ்சி நிறை காப்பவனிலும், தன் பெயருக்கு அஞ்சி நிறை காப்பவனே நெடுநாள் கடை நடத்துவான்.

இனி, இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவரிடம் எமக்குச் சில விண்ணப்பங்கள் உண்டு. உங்களிற் பலர் கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் உரியவர், சிலர் கணக்காளர், சிலர் வங்கியாளர். கட்டட நிதிக்கும் பரிசில் நிதிக்கும் நீவிர் வாரி வழங்குவதைக் கல்லூரி நன்றியுடன் அறியும். வர்த்தக வகுப்புக்குத் தேவைப்படுவது அதனினும் செலவு குறைந்தது. தவணைக்கு ஒரு நாள் பத்து மாணவரை உங்கள் கடையில் நிற்க விடுங்கள். முடிந்து போன ஆண்டொன்றின் பேரேட்டை, பெயர்களை மறைத்தேனும், அவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். இலாபம் கண்ட கதையோடு நட்டம் கண்ட கதையையும் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். இரண்டாவதிலேயே அவர்கள் மிகுதியாகக் கற்பர். சகோதரரோடும் நண்பரோடும் கூட்டாகத் தொழில் செய்பவராயின், அன்பு இருக்கும்போதே உடன்படிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். அன்பு குறைந்தபின் அதனை எழுதுவது அரிது.

வர்த்தக வகுப்பு மாணவருக்கும் ஒன்று கூறி அமைகின்றோம். வேறு வாயில் அடைபட்டமையால் இவ்வகுப்புக்கு வந்தோம் என எண்ணி நாணாதீர். உங்கள் வீட்டு அடுப்படியும் தெருவும் துறைமுகமும் இயங்கும் விதத்தையே நீங்கள் கற்கின்றீர்கள். கணக்கைச் செம்மையாக எழுதுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். நாணயம் என்னும் சொல்லின் மூன்று பொருளும் உங்களிடத்தே பொருந்துவதாக.

கல்லூரி நீடு வாழ்க.